இடது கால் செருப்பு விஷயமாக

அன்பு மைத்துனனுக்கு, அத்தான் ஆசி கூறி எழுதுவது.

'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதப் பேனா தானாகவே ஓடிவிட்டது. முதல் பாதியை அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். இரண்டாம் பாதி மட்டும் நிஜம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் தரை தரையாகவே இருக்க வேண்டும். இந்த நாலு மாதமாக யாரை வாழ்த்தினாலும் இதைத்தான் சொல்லி வாழ்த்துகிறேன். தபால்காரர்கூட ஒரு மாதிரிப் பார்க்கிறார்.

உன் கடிதம் வந்தது. எங்கள் ஹவுஸ் ஓனர் உனக்கு ஃபோன் போட்டு, "உங்க அத்தானுக்கு மூளை கலங்கிடுச்சு, செருப்பை வாயில கவ்விக்கிட்டுத் தெருவுல ஓடுறாரு, வந்து பாருங்க" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளை, முதலில் ஒரு திருத்தம். வாயில் இல்லை, கையில். வாயில் ஒரே ஒரு தடவைதான், அதுவும் கையில் எடுத்து ஓடியது பலிக்கவில்லை என்பதற்காக. அந்த ஒரு தடவை பார்த்து அந்த மனிதர் மாடியில் துணி காயப்போட வருவார் என்று நான் கண்டேனா? அப்புறம் நீ எழுதியிருந்தாய், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு காரில் வந்து நாயைக் கூட்டிக்கொண்டு போய் எங்கேயாவது காப்பகத்தில் விட்டுவிடுவேன் என்று. "தினம் பத்துத் தடவை பொய்யா எழுப்பிவிட்டுட்டு, வேணும்கிற அன்னிக்கு வாயை மூடிக்கிட்டுக் கிடந்த நாய் எதுக்கு அத்தான் உங்களுக்கு?" என்று கேட்டிருந்தாய். இதையே ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கேட்டாய். "அன்னிக்கு ஏன் அது ஒண்ணும் பண்ணலை?" என்றாய். நான் கண்ணாடியைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

இப்போது பதில் சொல்கிறேன். ஆனால் நான் ரேடியோ ரிப்பேர்க்காரன். எந்தப் பெட்டியையும் பின்பக்கத்திலிருந்துதான் திறந்து பழக்கம். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து இந்த நாயை உன் அக்காவிடம் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதற்கு நீ கண்டுபிடித்த வைத்தியம். நான் வேண்டாம் என்றேன், யாரும் கேட்கவில்லை. வந்தவர் தினம் காலை பத்து மணிக்கு எல்லா அறைக்கும் போவார், எல்லாவற்றையும் முகர்ந்து பார்ப்பார், ஒரு வேலையும் செய்யாமல் திரும்பி வந்து படுத்துக்கொள்வார். அதனால் மேனேஜர் என்று நான்தான் பெயர் வைத்தேன். உன் அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, ஆனால் அவள் வைத்த பெயருக்கு அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த ஊர்த் தரையின் குணம் உனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவையாவது அலமாரிக் கண்ணாடி கிலுகிலுக்கும், நாங்கள் பேச்சை நிறுத்துவோம், நின்றதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் உன் அக்கா வாசலில் கழற்றிப் போட்டிருந்த இடது கால் செருப்பை மேனேஜர் கவ்விக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினார். "குடுடா செருப்பை!" என்று கத்திக்கொண்டு இவளும் பின்னாலேயே ஓடினாள். இவள் தெருவில் காலை வைத்ததும் தரை ஆடியது. உள்ளே வந்து பார்த்தால் இவள் நின்று காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் மேல் தட்டுப் பாத்திரமெல்லாம் விழுந்து கிடக்கிறது. அவ்வளவுதான், அன்றிலிருந்து மேனேஜர் சாமியாகிவிட்டார். இவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுது, ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் அவருக்கே போட்டாள். எனக்கு டீக்கு ஒன்றுகூட மிச்சமில்லை.

நான் சும்மா இருப்பேனா? சத்தம் என்பது என் தொழில். பூமி ஆடுவதற்குச் சற்று முன்னால் அடியிலிருந்து ஒரு உறுமல் புறப்பட்டு வரும், அது நம் காதுக்குப் பாதி எட்டும் பாதி எட்டாது, நாய்க்கு முழுசாக எட்டும் என்று உன் அக்காவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். "அதைத்தான் அவன் செருப்பைத் தூக்கிக் காட்டிட்டானே, நீங்க எதுக்கு வாயால சொல்றீங்க" என்றாள். அடுத்த மூன்று நடுக்கத்துக்கும் அவர் அதே இடது செருப்பைத் தூக்கினார், அவளும் ஓடினாள், பிஸ்கட் கொடுத்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். செருப்பைத் தூக்குவதற்கும் கண்ணாடி கிலுகிலுப்பதற்கும் நடுவே ஏழு எண்ணலாம். சமையலறையிலிருந்து கேட்டுக்கு உன் அக்கா நடந்தால் பதினொன்று, ஓடினால் ஆறு. அதையும் நான்தான் எண்ணிச் சொன்னேன். இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்.

உறுமல் கேட்டால் செருப்பு, செருப்பைத் தூக்கினால் பிஸ்கட் என்று மேனேஜர் மண்டையில் ஏறிவிட்டதா, அதற்கப்புறம் ஊரில் எது உறுமினாலும் செருப்புதான். தண்ணீர் லாரி வந்தால் செருப்பு. பக்கத்து வீட்டுத் தையல்காரர் பவர் மெஷினைப் போட்டால் செருப்பு. எதிர்வீட்டுப் பல் டாக்டர் கம்ப்ரஸரைப் போட்டால் செருப்பு. மத்தியானம் நான் அசந்து தூங்கினால், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அதற்கும் செருப்பு. பசித்தால் சத்தமே தேவையில்லை, சும்மாவே செருப்பு. மேனேஜர் வாயில் செருப்பைப் பார்த்தால் போதும், தெருவே வெளியில் வந்து நிற்கும். ஒரு நாள் பல் டாக்டரிடம் பல் அச்சு எடுக்க வாய் நிறைய மாவை வைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே எழுந்து ஓடிவந்து, பயத்தில் திரும்பிப் போக மாட்டேன் என்று தெருவிலேயே நின்று, மாவு இறுகி, அதைக் கழற்றுவதற்குள் டாக்டருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. நம் ஹவுஸ் ஓனர் குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையும் ஒரு துண்டுமாக வந்து நின்றார். துண்டு சின்னத் துண்டு. எல்லோரும் அன்றைக்கே மறந்துவிட்டார்கள், அவர் மட்டும் மறக்கவில்லை. தெரு முழுவதும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு வந்தது. முதல் கையெழுத்து அவருடையது.

அந்த மனுவோடு இதை நிறுத்தியிருக்கலாம். உன் அக்கா சொன்னாள், "விடுங்களேன், பத்துத் தடவை சும்மா ஓடினா என்ன, கால்தானே வலிக்கும், நான் ஓடிக்கிறேன்" என்று. எனக்குத்தான் மானப் பிரச்சினை. முப்பத்தி நாலு வருஷம் எந்தச் சத்தம் நல்லது எது கெட்டது என்று பிரித்துச் சொல்லிச் சம்பாதித்தவன் வீட்டில் நாய்க்கு லாரிக்கும் பூகம்பத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் சிரிக்க மாட்டார்களா? தண்ணீர் லாரி நின்று உறுமுவதைப் பதிவு செய்தேன். பழைய கடையிலிருந்த பெரிய ஸ்பீக்கரைத் தூசி தட்டி எடுத்துவந்து, மேசைக்கு அடியில் வைத்து அந்த உறுமலைப் போட்டேன். செருப்பு இரண்டையும் பரணில் ஏற்றினேன். சத்தம் வரும்போது மேனேஜர் எழுந்தால் ஒன்றும் கிடையாது. தாடையைத் தரையில் வைத்து அசையாமல் படுத்திருந்தால், ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, ஒரு பிஸ்கட். நோட்டுப் போட்டு எழுதினேன். முதல் வாரம் பரணைப் பார்த்துக் குதித்தார். இரண்டாம் வாரம் முனகினார். இருபத்து மூன்றாம் நாள் சத்தம் போட்டதும் தானாகவே தாடையைத் தரையில் வைத்து என் கையைப் பார்த்தார். தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். கை தட்டினார்கள், மாப்பிள்ளை. பல் டாக்டர் எனக்கு ஒரு டூத்பிரஷ் பரிசு கொடுத்தார். உன் அக்கா மட்டும் தட்டவில்லை. "பாவம், அவனுக்கு ஏதோ சொல்லணும் போல இருக்கு, சொல்லாம படுத்திருக்கான்" என்றாள். அவளுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும் என்று நான் அன்றைக்கு நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் வாய்விட்டும் சொன்னேன்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. எங்கேயாவது ஏதாவது உறுமினால் உன் அக்கா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள், மேனேஜர் என்ன பண்றான் என்று. நான் படுத்திருக்கான் என்பேன். அவள் வேலையைத் தொடர்வாள். நானும் பெருமையோடு ஒரு பிஸ்கட் எடுப்பேன்.

அன்றைக்குக் காலை பதினொன்று பத்து. முன்னறையில் ஒரு டிரான்சிஸ்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலடியில் அவன். அவள் சமையலறையில். திடீரென்று அவன் காது இரண்டும் நிமிர்ந்தது. தலையைத் தூக்கினான். பரணைப் பார்த்தான், மாப்பிள்ளை. எனக்கு நன்றாகத் தெரியும், செருப்பு இருக்கிற பரணைத்தான் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். அப்புறம் நான் கற்றுக்கொடுத்த மாதிரியே தாடையைத் தரையில் வைத்துப் படுத்தான். உடம்பெல்லாம் நடுங்குகிறது, ஆனால் அசையவில்லை. நான் அதைப் பார்த்து, சபாஷ், இவ்வளவு பயத்திலும் சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று சந்தோஷப்பட்டேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏங்க, ஏதோ உறுமுற மாதிரி இல்ல? மேனேஜர் என்ன பண்றான்?"

"சமத்தாப் படுத்திருக்கான். தண்ணி லாரியா இருக்கும். நீ வேலையைப் பாரு."

"அவனே படுத்திருக்கான்னா சரிதான்" என்றாள்.

நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு, அஞ்சு, ஆறு. ஆறு என்பது உன் அக்கா கேட்டுக்கு ஓடுகிற கணக்கு. நான் நாய்க்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மீதி உனக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி சமையலறைக்கு நேர் மேலே இருந்தது. முன்னறையில் ஒரு விரிசல்கூட இல்லை. என்னைத் தூக்கி நிறுத்தினபோது என் கையில் அந்தப் பிஸ்கட் அப்படியே இருந்தது என்று தையல்காரர் சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. அவர் அதைத் தமாஷுக்காகச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அழுதார்.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அன்றைக்கு அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஓடாதே என்று சொல்லிக் கொடுத்தவன் நான். நாலு மாதமாக நீ நாயைத் திட்டித் திட்டி எழுதுகிறாய், நான் ஒவ்வொரு கடிதத்தையும் படித்துவிட்டு, ஆமாம் மாப்பிள்ளை, அந்த நாயை நம்பி மோசம் போனோம் என்று பதில் எழுதினேன். பேசத் தெரியாத ஜீவன் மேல் பழியைப் போட்டுவிட்டு அதற்கே சாப்பாடும் வைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இந்த வீட்டில் என் பேச்சை நம்பினவர்கள் இரண்டு பேர். ஒருத்தன்தான் மிச்சம்.

இப்போது ஹவுஸ் ஓனர் சொன்ன கதைக்கு வருகிறேன். அந்த ஸ்பீக்கரை அன்றைக்கு மறுநாளே உடைத்துப் போடத் தூக்கினேன், உடைக்கவில்லை. கற்றுக்கொடுத்ததை மறக்கடித்துவிட்டால் என்ன என்று தோன்றியது. யாருக்காக என்று கேட்காதே, எனக்கே தெரியாது. அவனாவது பழையபடி இருக்கட்டுமே என்று ஒரு நப்பாசை. பரணிலிருந்து உன் அக்காவின் இடது செருப்பை எடுத்து வாசலில் அதே இடத்தில் வைத்தேன். ஸ்பீக்கரில் உறுமலைப் போட்டேன். அவன் படுத்தான். அதனால் நானே செருப்பை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடிக் காட்டினேன். அறுபத்தேழு வயதில், முட்டி வலியோடு. அவன் தாடையைத் தரையில் வைத்தபடி கண்ணை மட்டும் உருட்டி நான் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். பிஸ்கட்டை நானே என் வாயில் போட்டுக்கொண்டு, ஆகா எவ்வளவு ருசி என்றும் சொல்லிப் பார்த்தேன். தினம் காலையில் அஞ்சு தடவை, சாயந்தரம் அஞ்சு தடவை. நாலு மாதத்தில் எனக்கு நல்ல ஓட்டம் வந்துவிட்டது, அவனுக்கு ஒன்றும் வரவில்லை. என்னைப் பழக்குகிறானோ என்றுகூடச் சந்தேகம். கையால் எடுப்பது அவனுக்குப் புரியவில்லையோ என்றுதான் அந்த ஒரு நாள் வாயால் கவ்வினேன். பைத்தியமில்லை. உன் அக்கா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். சிரிக்க ஆளில்லாததால்தான் அது பைத்தியம் மாதிரித் தெரிகிறது.

அதனால் மாப்பிள்ளை, நீ சொன்ன ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வா. நாயைக் கூட்டிக்கொண்டு போ. தண்டனைக்காக இல்லை. காப்பகத்தில் விடாதே, உன் வீட்டிலேயே வைத்துக்கொள். நான் அவனை வைத்துக்கொள்ளத் தகுதி இல்லாதவன். உங்கள் ஊரில் தரை அசையாது, அவன் சும்மா படுத்திருந்தாலும் யாருக்கும் ஒரு கேடும் வராது. காலை பத்து மணிக்கு எல்லா அறைக்கதவையும் திறந்து வை, ஒரு சுற்று வராவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. குழந்தையின் செருப்பை எட்டாத இடத்தில் வைக்காதே. ஒருவேளை எடுத்தால் திட்டாதே. என்ன ஏது என்று கேட்காமல் பின்னாலேயே ஓடு. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் நீ உள்ளே வரக்கூட வேண்டாம், கேட்டிலேயே கயிற்றைக் கொடுத்துவிடுகிறேன். உனக்கு இருந்தது ஒரே அக்கா. எனக்கு அவள் வழியில் மிஞ்சியிருப்பது நீ ஒருத்தன். அதையும் இந்தக் கடிதத்தோடு தபாலில் போட்டுவிடுகிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் மனைவிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். எல்லோரும் நன்றாக இருங்கள். கண்ணாடிச் சாமான்களைக் கீழ்த் தட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: நாயைக் கூட்டிக்கொண்டு போ என்று மேலே எழுதியதை நீயே அடித்துவிடு. எனக்கு இப்போது தேடி அடிக்க நேரமில்லை. கடிதத்தை உறையில் போட்டுவிட்டுப் பசையைத் தேடிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் தண்ணீர் லாரி திரும்பியது. நான் ஸ்பீக்கரைப் போடவில்லை, பிஸ்கட் டப்பாவைத் தொடவில்லை, மேனேஜர் என்ன பண்றான் என்று பார்க்கக்கூட இல்லை. அவனாக எழுந்து, வாசலில் இருந்த செருப்பைக் கவ்விக்கொண்டு கேட்டுக்கு வெளியே ஓடினான். நான் வெறுங்காலோடு பின்னால் ஓடினேன். தையல்காரர் கத்தரியோடு ஓடிவந்தார். பல் டாக்டர் வந்தார், திறந்த வாயோடு ஒரு பெண்மணியும் வந்தார். ஹவுஸ் ஓனர் வந்தார், இந்தத் தடவை சட்டை போட்டிருந்தார். லாரி போய்விட்டது. தரை தரையாகவே இருந்தது. ஒருத்தரும் திட்டவில்லை.

பிஸ்கட்டை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. செருப்பைக் கேட்டேன், விடவில்லை. அவன் என்னைப் பார்க்கவே இல்லை, மாப்பிள்ளை. எனக்குப் பின்னால் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் வெளியே வருகிறாளா என்று. இதை எழுதுகிற இந்த நிமிஷமும் கேட்டருகே அதே செருப்போடு உட்கார்ந்திருக்கிறான், உள்ளே வர மாட்டேன் என்கிறான். நான் கூப்பிட்டால் அவனுக்கு நம்பிக்கை இல்லை போலிருக்கிறது, அது நியாயம்தான். உனக்கு உன் அக்காவின் முகம், பேச்சில் அவளுடைய அதே இழுவை. ஞாயிறு வரை காத்திருக்காதே. கோபம் இருந்தால் கோபத்தோடே வா, என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கேட்டுக்கிட்ட வந்ததும் முதல்ல அவன்கிட்ட ஒரு தடவை "குடுடா செருப்பை"ன்னு சொல்லிப் பாரு. நீ சொன்னா குடுப்பான்.